டிரைவர் வீட்டுப் பீரோக் கதவு

கம்பியே இல்லாத வேலைக்குப் போகிற மனுஷனைக் கம்பி என்று கூப்பிடுகிறார்களே, இது என்ன கூத்து என்று அவர் மனைவிக்கு இன்றைக்கும் ஆற்றாமை. என்ன செய்வது, பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. வாலிபத்தில் மாடிக்கு மாடி டிவி கேபிள் இழுத்தவர் அவர். ஆளும் ஒல்லி, தோளில் எப்போதும் ஒரு கறுப்புச் சுருள். அப்போது வைத்த பெயர். பிறகு காலம் மாறி எல்லாம் காற்றிலேயே வரத் தொடங்கியது. இணையக் கம்பெனிக்காரர்கள் அவரையே கூப்பிட்டு, வீடுகளில் வைஃபை ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்கிற வேலையைக் கொடுத்தார்கள். தோளிலிருந்து சுருள் இறங்கியது, பெயர் மட்டும் இறங்கவில்லை.

அதென்ன பெரிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வீட்டில் ஸ்பீக்கர் கூப்பிட்ட குரலுக்கு வாயைத் திறக்காது. இன்னொரு வீட்டில் இணையத்திலிருந்து படம் கொண்டுவர டிவியில் செருகிய குச்சி, படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வட்டம் சுற்றும். அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சாதுவான மனுஷனுக்கும் அடிதடி புத்தி வந்துவிடும். கம்பி வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"கடைசியா வீட்ல என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணுமே மாத்தலையே!"

சத்தியம் செய்யாத குறைதான். அப்புறம் தேடிப் பார்த்தால், தூசி படக்கூடாது என்று ரவுட்டரை எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்து மூடி வைத்திருப்பார்கள். இல்லையென்றால், பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று மீன் தொட்டிக்குப் பின்னால் ஒளித்திருப்பார்கள். ஒரு வீட்டு மாப்பிள்ளை தன் போனுக்கு சார்ஜ் போட ரவுட்டரையே பிடுங்கிவிட்டு, இணையம் வரவில்லை என்று கம்பெனிக்காரனை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார். கம்பி எதுவும் சொல்லாமல் மறுபடி செருகிவிட்டு வந்தார். அவருக்கு வாய் குறைவு. வாய் இருந்திருந்தால் அன்றைக்கே அடிதடி நடந்திருக்கும்.

ஆனால் அவருக்குள் ஒரு பிரமிப்பு எப்போதும் உண்டு. வெளியாட்களிடம் சொல்ல வெட்கம், மனைவியிடம் மட்டும் சொல்வார். "நீ பரிமாறுறியே, இப்ப உன் கை வழியா பக்கத்து வீட்டுக்காரர் பாக்குற படம் ஓடிக்கிட்டிருக்கு, தெரியுமா?"

"நல்ல படமா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் வேலையைப் பார்ப்பார். அந்த அம்மாள் கேட்பதிலும் தப்பில்லை. ஊருக்கெல்லாம் சரிசெய்து கொடுக்கிறவரின் சொந்த வீட்டு டிவியில் வட்டம் சுற்றாத நாளே கிடையாது.

டிரைவர் வீட்டுக்கு அவர் அன்றைக்குப் போனது மூன்றாவது தடவை.

டிரைவர் என்றால் லாரி டிரைவர். மலைப்பாதை, மழை, பனி எல்லாவற்றிலும் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிய மனுஷன், சொந்த வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். விதியை என்னவென்று சொல்ல! கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. மிஞ்சியது கண்ணும் குரலும். தலைமாட்டில் ஒரு ஸ்டூல், அதன்மேல் உருண்டையாக ஒரு ஸ்பீக்கர். அதைத்தான் அவர் டப்பா என்பார். அதற்கு அவர் தன் பாஷையையே பழக்கியிருந்தார். "ஹெட்லைட் போடு" என்றால் விளக்கு எரியும். "இஞ்சின் ஆஃப்" என்றால் மின்விசிறி நிற்கும். "ஹாரன் அடி" என்றால், துணி தைக்கும் கம்பெனியில் இருக்கிற மனைவியின் போன் அடிக்கும். இந்த மூன்றை வைத்துத்தான் அவர் பகல் முழுவதையும் தனியாக ஓட்டிவந்தார். மனைவியும் நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தார். சாதாரண வேலையா அது? துணி வெட்டும் பிரிவு முழுக்க இப்போது அந்த அம்மாளின் கையில். அந்த இடத்துக்கு வர அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

சமீபத்தில்தான் வம்பு ஆரம்பித்தது. டப்பா திடீர் திடீரென்று காலை வாரியது. போன வாரம் ஒரு மத்தியானம், மின்விசிறிக் காற்றில் போர்வை பறந்து வந்து டிரைவரின் முகத்தை மூடிவிட்டது. மூச்சு முட்டுகிறது. "இஞ்சின் ஆஃப்!" என்று கத்தினார். "ஹாரன் அடி!" என்று கத்தினார். "மன்னிக்கவும். இணைய இணைப்பு இல்லை" என்றது டப்பா. தலையை ஆட்டி, பல்லால் கவ்வி இழுத்து, எப்படியோ மூக்கை வெளியே எடுத்துவிட்டார்.

மாலை வந்து பார்த்த மனைவி பதறிப்போனார். மூன்றாவது தடவை கம்பியை வரவழைத்த காலையில் அவர் சொன்னது இதுதான்.

"இன்னைக்கும் சரியாகலேன்னா, போய் வேலைய விட்டுட்டு வந்துடறேன் தம்பி. என்னால முடியாது."

"என்ன காவல் காக்க இவ வீட்ல உக்காரணுமாம்!" உள்ளேயிருந்து டிரைவர் குரல் கொடுத்தார். லாரி ஹாரனே தோற்கும் குரல் அது. "நான் என்ன நகைப்பெட்டியா? தம்பி, எப்படியாவது ஓட்டிவிடுப்பா. அவ வேலைய விட்டான்னா நான் செத்ததுக்குச் சமம்."

கம்பி எந்த நம்பிக்கையில் தலையாட்டுவார்? ஏனென்றால் முந்தைய இரண்டு தடவையும் அவர் வந்து நின்றபோது டப்பா கிளிப்பிள்ளை மாதிரி சொன்னதெல்லாம் கேட்டது. படுக்கையறை டிவியில் படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தார். சேனல் மாற்றிப் பார்த்தார். குற்றம் ஒன்றும் இல்லை. அவர் கிளம்பிப் போனால் மறுநாளே கோளாறு. பல் டாக்டரைப் பார்த்ததும் வலி ஓடிவிடுமே, அந்தக் கதை.

அன்றைக்கும் பார்த்தார். முன்னறையில் மேஜை மேல் ரவுட்டர். அதற்கு நேர் எதிரே படுக்கையறை வாசல், உள்ளே கட்டில், தலைமாட்டில் டப்பா. சுவர் பழைய காலத்துச் சுவர், குண்டு போட்டாலும் அசையாத தடிமன். அதனால் வாசல் வழியாகத்தான் வைஃபை அலை உள்ளே போயாக வேண்டும். வாசல் திறந்துதான் இருக்கிறது. செல்போனில் அளந்து பார்த்தால் அலை அருமையாக வருகிறது. பிறகு என்னதான் கேடு?

"அக்கா, ஏதாவது மாத்துனீங்களா?"

"எத்தனை தடவை கேப்பீங்க? ஒண்ணுமே மாத்தலை."

கம்பி கொஞ்சநேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, "சரி, நான் இங்க இல்லைன்னு வச்சுக்கங்க. தினமும் எப்படிக் கிளம்புவீங்களோ அப்படியே கிளம்புங்க" என்று சொல்லிவிட்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்தார்.

அந்த அம்மாள் கிளம்பினார். கணவரின் வாய்க்கு எட்டும்படி தண்ணீர்க் குழாயைச் சரிசெய்தார். போர்வை ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினார், ஒரு தடவை இழுத்தும் பார்த்தார். அடுப்பை இரண்டு தரம் தொட்டுப் பார்த்தார். முன்னறையின் தெரு ஜன்னலைத் திறந்தார். பிறகு சோபாவுக்குப் பின்னால் கையை விட்டு, ஆளுயரத்துக்கு எதையோ தரதரவென்று இழுத்து வந்தார். ஒரு பழைய இரும்பு பீரோவின் கதவு. கழற்றிய கதவுக்கு அடியில் சக்கரப் பலகை அடித்திருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த பக்கம் கட்டிலைப் பார்க்க, அதைப் படுக்கையறை வாசலுக்கு வெளியே கொஞ்சம் சாய்வாக நிறுத்தினார்.

"ஐயோ அக்கா! அது என்னது?"

கம்பி எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. அந்த அம்மாள் பயந்துபோனார். "இதுவா? இது இவருக்குத் தெரு பாக்க. படுத்துக்கிட்டே கூரையைப் பாத்துக்கிட்டிருந்தாரு, பைத்தியம் பிடிச்சிடும்போல இருந்துச்சு. இந்தக் கண்ணாடிய இப்படி வச்சா அந்த ஜன்னல் தெரியும், ரோட்டுல போற வண்டியெல்லாம் தெரியும். யாராவது வீட்டுக்கு வந்தா இடிக்குதேன்னு பின்னால தள்ளிவச்சிடுவேன்."

"எப்பலேருந்து இது?"

"இப்பதான், கொஞ்ச நாளா..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். முகம் வெளுத்தது. "தம்பி, இதனாலயா?"

கம்பி டப்பாவுக்குப் பக்கத்தில் செல்போனை வைத்துக் காட்டினார். கதவு நிற்கும்போது அலை படுத்துவிட்டது. கதவை நகர்த்தினால் எழுந்துவிட்டது. அத்தனை பெரிய இரும்புத் தகட்டைக் கொண்டுவந்து வாசலை அடைத்தால் அது எப்படி உள்ளே வரும்? அவர் வருகிற நாளெல்லாம், விருந்தாளி வருகிறாரே என்று கதவைச் சோபாவுக்குப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். கம்பிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"கதவ எடுத்துடறேன்" என்றார் அந்த அம்மாள். குரல் உடைந்திருந்தது.

உள்ளே டிரைவர் கண்ணாடியில் போகிற ஒரு வண்டியைக் கடைசிவரை பார்த்தார். பிறகு, "எடுத்துடு. நீ வேலைக்குப் போறதுதான் முக்கியம். ரோட்டை நான் பாக்காத ரோடா?" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தைக் கம்பியால் தாங்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

நின்றவர் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடிக்குள் டிரைவரின் இரண்டு கண்கள் தெரிந்தன. அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அண்ணே, நான் உங்களுக்குத் தெரியறேனா?"

"நல்லாத் தெரியறே. பின்கண்ணாடியில பின்னால வர்ற வண்டிக்காரன் மூஞ்சி எனக்குத் தெரிஞ்சா, என் மூஞ்சியும் அவனுக்குத் தெரியும். இதுகூடத் தெரியாதா உனக்கு?"

கம்பிக்குத் தலைமுதல் கால்வரை சிலிர்த்தது. இத்தனை வருஷமாக அவர் அலையைத் தடுக்கிற சாமான்களைத்தான் தேடித் தேடி நகர்த்திவந்தார். தடுக்கிற இரும்பே அதைத் திருப்பியும் அனுப்புமே! பார்வை போய்வருகிற அதே வழியில் அதுவும் போய்வருமே! டப்பா இருப்பது டிரைவரின் தலைமாட்டில்தானே. அப்படியானால் டிரைவரின் கண்ணுக்கு எது தெரிகிறதோ, அது டப்பாவுக்கும் தெரிந்தாக வேண்டும்.

பையை உதறி, அடியில் கிடந்த சின்னச் சுருளை எடுத்தார். ரொம்ப காலத்துக்குப் பிறகு கம்பி கம்பி இழுத்தார். மேஜையிலிருந்து சுவரோரமாக ஜன்னல்வரை இழுத்து, ரவுட்டரைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் அருகில் நின்றார்.

"அண்ணே, இப்ப நீங்கதான் சொல்லணும். இது கண்ணாடியில தெரியற இடத்துல என்னை நிறுத்துங்க. ரோட்டையும் மறைக்கக் கூடாது."

"லெஃப்ட்ல வா," என்றார் டிரைவர். குரல் மாறிவிட்டது, சீட்டில் ஏறி உட்கார்ந்த குரல். "இன்னும் வா... வா... மேல தூக்கு. அட, என் ரோட்டை மறைக்கறே, மேல தூக்குய்யா! ம்... கொஞ்சம் ரைட்டு... ஹோல்ட்!"

ஜன்னல் சட்டத்தின் மேல்மூலை. அங்கேயே ஆணி அடித்து மாட்டினார். கதவு அதே சாய்வில் நிற்கும்படி தரையில் கோடும் போட்டார். செல்போனை டப்பாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். படுத்திருந்த அலை எழுந்து உட்கார்ந்தது. கதவு வாசலில்தான் நிற்கிறது, நிற்கிற கதவு வழியாகத்தான் வருகிறது! படுக்கையறை டிவியில் சுற்றிக்கொண்டிருந்த வட்டம் மறைந்து, யாரோ பாதியில் விட்ட வசனத்தைப் பேசி முடித்தார்கள்.

"இப்பவே நம்பிடாதீங்க," என்றார் கம்பி. "அக்கா, நீங்க நிஜமாவே கிளம்புங்க. பாத்துடுவோம்."

அந்த அம்மாள் அரைமனதாகப் பையை மாட்டிக்கொண்டு இறங்கினார். படியில் செருப்புச் சத்தம் கேட்டுத் தேய்ந்தது. கம்பி முன்னறை ஜன்னல் பக்கம் வந்து நின்றார். டிரைவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பேருந்து நிற்கும் இடத்தை அந்த அம்மாள் நெருங்கியதும் நிதானமாகச் சொன்னார்.

"ஹாரன் அடி."

கண்ணாடிக்குள், தெருவில், அந்த அம்மாள் சட்டென்று நின்றார். பையைத் துழாவினார். போனைக் காதில் வைத்தார். டப்பாவிலிருந்து தெருச் சத்தமும் அவர் மூச்சும் சேர்ந்து வந்தன.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. வண்டி ஓடுது. நீ வேலைக்குப் போ."

அந்த அம்மாள் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். கையைத் தூக்கினார், குழந்தைக்குக் காட்டுவதுபோல வேகவேகமாக ஆட்டினார். பதிலுக்கு ஆட்ட டிரைவருக்குக் கை வராது.

"ஹெட்லைட் போடு," என்றார். விளக்கு எரிந்தது. "அணை." அணைந்தது. "போடு." எரிந்தது. தெருவில் நின்றவர் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணாடியில் பட்டு ஜன்னலில் தெரிந்த அந்த வெளிச்சத்தையே பார்த்தார்.

கம்பி அப்போதுதான் கவனித்தார். வியப்பில் தன்னையறியாமல் நகர்ந்து, ஜன்னலுக்கும் கண்ணாடிக்கும் கிட்டத்தட்ட குறுக்கே வந்துவிட்டிருந்தார். சட்டென்று சுவரோடு ஒட்டி ஒதுங்கிக்கொண்டார். அவர்கள் இருவரும் பார்த்து முடிக்கிறவரை அங்கேயே நின்றார்.