கவ்வாத்துப் பொங்கலைத் தொடாமல் மலையேறிய காலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், முனி, சாமியாட்டம் என்று எவனாவது என் எதிரில் வாயைத் திறந்தால் எழுந்து போகச் சொல்லுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். நீங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. சிரியுங்கள், எனக்கொன்றும் நட்டமில்லை, ஆனால் கேட்டு முடித்த பிறகு சிரியுங்கள்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. டயகமப் பக்கம் ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். கவ்வாத்து என்றால் முற்றிப்போன தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது. வளைந்த கத்தி, ஒரே வீச்சு, சாய்வான வெட்டு. எங்கள் கங்காணிக்கு என்னைக் கண்டால் ஆகாது, எனக்கும் அவரைக் கண்டால் ஆகாது. தொழிற்சங்கத்தில் சேர்ந்தவன் என்று எப்போதும் பாறைச் சரிவாகப் பார்த்து எனக்கு ஒதுக்குவார். என் பெயரை வெட்டுவதற்கு ஒரு சாக்குக் கிடைக்காதா என்று காத்திருந்தார். வேலை போனால் நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவும் போகும், என் மனைவி செல்லம்மா அப்போது நிறைமாதம். அந்தப் பயம் ஒன்றுதான் என் வாயை ஓரளவாவது கட்டிவைத்திருந்தது.

கவ்வாத்து தொடங்கும் நாளில் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை. மலையடியில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி, எல்லாருடைய கத்தியையும் அதன் முன்னால் அடுக்கி, சர்க்கரைப் பொங்கல் வைப்பார்கள். அதுவரை வெட்டுக்காரர்கள் சாப்பிடக்கூடாது. பூசை முடிந்ததும் கங்காணி ஒவ்வொருவனுக்கும் ஒரு கை பொங்கல் கொடுப்பார், அதை விழுங்கினால்தான் கத்தி கைக்கு வரும். நான் முதல் நாள் இரவே செல்லம்மாவோடு சண்டை போட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்தவன். காலையில் அவள் விரதம் என்று ரொட்டி சுடவில்லை, சீனி அள்ளிப் போட்டுப் பெரிய கோப்பையில் தேத்தண்ணி மட்டும் கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டுப் பூசைக்கு வந்தால், மணியடிப்பதும் ஆடுவதும் முடிகிற பாடாக இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒருவழியாகக் கற்பூரம் காட்டியதும் நான் என் கத்தியை நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"சாமி சோத்தத் தொடாம கத்தியத் தொடாதடா," என்றார் கங்காணி.

"ஒங்க சாமி சோறு ஒங்களுக்கே இருக்கட்டும். நான் வேலைக்கு வந்தேன், விருந்துக்கு வரல."

வேறு யாரும் என்னோடு வரவில்லை. தனியாக மலையேறினேன். ஏறினேன் என்றால் ஓடவில்லை, மெதுவாகத்தான் நடந்தேன், ஒரு செடியைக்கூட வெட்டவில்லை. பாதி வழியில் விரல் நுனியெல்லாம் சுருசுருவென்றது. பனிமூட்டம் எலும்பைக் குடைகிறது, எனக்கோ சட்டை பிழிகிற அளவுக்கு வியர்வை. நெஞ்சு திடும் திடும் என்று அடித்தது, உதடு மரத்தது, முழங்கால் இரண்டும் என்னுடையவை இல்லை. ஒரு செடி இரண்டு செடியாகத் தெரிந்தது. பசி என்றால் அப்படியொரு பசி, மண்ணை அள்ளித் தின்னலாம் போல. அதற்கும் மேலே ஒரு ஆத்திரம், யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

அப்போதுதான் என் இடப்பக்கம் யாரோ வந்து சேர்ந்துகொண்டார்கள். நம்பினால் நம்புங்கள். முகம் தெரியவில்லை. ஈரக் கம்பளி நாற்றமும் மூச்சு விடுகிற சத்தமும்தான். கங்காணி வேவு பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துத் திட்டினேன். மூச்சு மட்டும் என் மூச்சோடு ஒட்டிக்கொண்டே வந்தது. கொஞ்ச நேரத்தில் அது வேறு இது வேறு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அதன் பிறகு ஒன்றும் ஞாபகமில்லை.

அடுத்து எனக்குத் தெரிந்தது வாய்க்குள் இனிப்பு. நான் பொங்கலைத் தொடாமல் போனதைக் கேள்விப்பட்டு, செல்லம்மா அந்த வயிற்றோடு மலையேறி வந்து, இலையில் கொண்டுவந்த பொங்கலை என் வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"முழுங்குங்க! முழுங்குங்கன்னு சொல்றேன்ல!"

இரண்டு பேர் என்னை அமுக்கிப் பிடித்திருந்தார்கள். எதிரே கங்காணி மண்ணில் உட்கார்ந்திருந்தார், தலைப்பாகை ஒருபக்கம் கிடந்தது. மெல்ல மெல்ல மூட்டம் விலகுகிற மாதிரி எனக்குப் புத்தி தெளிந்தது.

நடந்ததைச் செல்லம்மாதான் சொன்னாள். மற்றவர்கள் மேலே வந்தபோது நான் வெறிபிடித்தவனாகச் செடிகளை வெட்டிக்கொண்டிருந்தேனாம். கங்காணி அதைக் குனிந்து பார்த்தபோது பின்னால் போய் அவர் கழுத்துக்கு நேராகக் கத்தியை ஓங்கிவிட்டேனாம். அவர் திரும்பினார். கத்தியைப் பார்க்கவில்லை, கத்தி பிடித்த கையைப் பார்த்தார். அது என் இடது கை. நான் சோற்றுக்கையால் வெட்டுகிறவன். அவர் கைகூப்பிக்கொண்டு அழுதாராம்.

"அண்ணே, வேணாம்ணே. நான் சின்னப்பயண்ணே, தெரியாம செஞ்சிட்டேன்ணே."

என் அப்பன் வயசு அவருக்கு. என்னைப் பார்த்து அண்ணே என்றார். ஓங்கிய கை அப்படியே நின்றதாம், அதற்குள் அந்த இரண்டு பேரும் பாய்ந்து பிடித்துவிட்டார்கள்.

அன்றைக்கே எங்களை லயத்திலிருந்து விரட்டுவார்கள் என்று செல்லம்மா சட்டி பானையைக் கட்டிவிட்டாள். ஆனால் தோட்டத்துத் துரை விசாரித்தபோது கங்காணி, "கால் வழுக்கிருச்சுங்க தொரை, வேற ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டார். எனக்கு அது பொறுக்கவில்லை. வெளியே வந்ததும் மறித்துக் கேட்டேன், ஒங்க அண்ணன் யாரு என்று.

"எனக்கு அண்ணனே பொறக்கலடா. இன்னொரு வாட்டி கேட்ட, லயத்தக் காலி பண்ண வெச்சுருவேன்."

அவர் கை நடுங்கியது. அவர் வயிறு நிறையப் பொங்கல் சாப்பிட்டவர், அவருக்கு ஏன் நடுங்க வேண்டும்?

பிறகு அட்டனில் ஒரு டாக்டர் என்னைச் சோதித்தார். சீனி வியாதி இல்லை என்றார். அது இல்லாத சிலருக்கும் இரத்தத்தில் சீனி இறங்குமாம், வெறும் வயிற்றில் சீனித் தேத்தண்ணி குடித்துவிட்டு மெதுவாக நடந்தால்கூடப் போதுமாம், வியர்வை, நடுக்கம், மயக்கம், காரணமில்லாத கோபம், எல்லாம் அதுதானாம். இனிப்பு உள்ளே போனால் தெளியுமாம். நல்ல மனிதர், ஒத்துக்கொள்கிறேன், எல்லாம் சரி. ஆனால் நான் வெட்டிய செடிகளை மறுநாள் போய்ப் பார்த்தேன். வெறிபிடித்தவன் வெட்டு இல்லை அது. அத்தனையும் பழகிய கையின் வெட்டு, சாய்வு மட்டும் எதிர்ப்பக்கம். எனக்கு இடது கையால் ஒரு காம்பு கிள்ளத் தெரியாது. டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் மருந்துச் சீட்டை நீட்டினார்.

இப்போதும் சாப்பாடு தாமதமாகி நான் கடைவரைக்கும் நடந்தால் வியர்க்கும். மடியில் எப்போதும் கற்கண்டு வைத்திருக்கிறேன். எடுத்து வாயில் போடுவதற்குள் வலது கை தந்தியடிக்கும். இடது கை நடுங்காது. அதன் விரல்கள் தாமாக மடங்கி, கத்திப்பிடி அளவுக்கு இடம் விட்டு, அசையாமல் நிற்கும். கற்கண்டு கரைகிறவரை எனக்கு முன்னால் முதுகைக் காட்டி யாரையும் நிற்க விடமாட்டேன், செல்லம்மாவைக்கூட.