டேப்பில் மட்டும் சுருங்கிய பாதம்

“என் வயித்துலதான் கோளாறுன்னா என் ரத்தத்த எடுத்துப் பாக்கட்டும். உங்க புள்ள ரத்தத்தையும் சேத்து எடுக்கட்டும். அப்புறம் பேசுங்க அத்தை!”

தையல்காரி தன் மாமியாரிடம் இப்படிச் சீறியபோது மகள் குருவிக்கு இரண்டு வயது. குருவியின் இடது கால் ஈர்க்குச்சி. வலது கால் இடுப்பிலிருந்தே கொழுத்திருக்கும். தொடையில் நாவல்பழச் சாறு சிந்தியது போல ஒரு பிறவி மச்சம். இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் பெரியவர்களுடையது போல நீண்டிருக்கும். “எங்க பக்கம் யாருக்கும் இப்படி இல்ல” என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

ரத்தம் எடுத்தார்கள். கோளாறு அவளிடமும் இல்லை, புருஷனிடமும் இல்லை. குருவியின் ரத்தத்திலேயே ஒன்றுமில்லை. காலிலிருந்து கிள்ளி எடுத்த சதையில்தான் இருந்தது. கருவில் இருக்கும்போதே ஒரு செல்லின் மரபணுவில் தானாக விழுந்த பிழை, அதிலிருந்து பெருகிய செல்களுக்கு மட்டும் வளர்வதை நிறுத்தத் தெரியாது, இது யாரும் கொடுத்ததில்லை என்றார் டாக்டர்.

“அப்ப யாரத்தான் திட்டுறது?” என்றாள் மாமியார். அதன்பின் அவள் யாரையும் திட்டவில்லை. வீட்டில் பேச்சே குறைந்துபோனது.

குருவிக்கு ஒன்பது வயதில் ஒரு புது மாத்திரை வந்தது. ஆறு மாதம் பார்ப்போம், பாதம் சுருங்காவிட்டால் அந்த இரண்டு விரல்களையும் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். நர்ஸ் பாதத்தைச் சுற்றி அளந்து இருபத்தேழு சென்டிமீட்டர் என்று எழுதினாள்.

“மாசாமாசம் வீட்டுல அளந்து எழுதிட்டு வாங்கம்மா.”

அளப்பதை அவளுக்கா சொல்லித்தர வேண்டும்? முதல் மாதம் கழுத்தில் கிடந்த டேப்பை உருவி அளந்தாள். இருபத்தாறு.

“குறைஞ்சிடுச்சாம்மா? அப்ப ரெண்டு காலுக்கும் ஒரே சைஸ் ஷூ?”

“மொதல்ல மாத்திரைய முழுங்குடி.”

“நான் பாக்க மாட்டேம்மா, என் கண்ணு பட்டுடும்” என்று மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆறு மாதமும் இருபத்தாறுதான். ஏறவில்லையே, அது போதும் என்றிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அளந்தாள். இருபத்தேழு. இன்னொரு தடவை அளந்தாள். “உங்க டேப்பக் குடுங்க” என்று வாங்கி இரண்டையும் மேசையில் ஒட்டி வைத்தாள். நர்ஸின் இருபத்தேழுக்கு நேராக அவளுடைய இருபத்தாறு நின்றது. எட்டு வருடமாக இழுத்து இழுத்து டேப் நீண்டிருந்தது. ஆளை அளந்ததும் அதே டேப், துணியை வெட்டியதும் அதே டேப். அதனால் ஒரு சட்டைகூட அளவு சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை.

“ரெண்டு விரல்தானேம்மா, மிச்சம் எட்டு இருக்கு” என்றாள் குருவி.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். தையல்காரி சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். திரும்பும் வழியில் பொத்தான் கடையில் ஏறினாள்.

“ஒரு டேப்பு குடுங்கண்ணே.”

“பழசுக்கு என்னாச்சும்மா?”

“நீண்டுபோச்சு.”

ஒரு டீ குடிக்கிற காசுதான் ஆனது.