ஆழமாய், வழமைபோல

ஐஸ் ஹொக்கியை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. பிடிக்காத அந்த விளையாட்டுக்குப் பக்கத்திலேயே தொண்ணூறுகளில் பாதியைக் கழித்தேன். கனடாவில், ஸ்காபரோவில் ஓர் ஐஸ் அரங்கின் வாசலோரம், ஸ்கேட் சப்பாத்துகளுக்குச் சாணை பிடிக்கும் சின்னக் கடையில் எனக்கு வேலை. யாழ்ப்பாணத்தில் கட்டட வரைபடம் வரைந்த ஆள் நான். கேட்டவர்களிடமெல்லாம், "சும்மா கொஞ்ச நாளைக்குத்தான்" என்று சொல்லிவந்தேன். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் எல்லோருமே எதையோ கொஞ்ச நாளைக்குத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

ஸ்கேட்டின் அலகு கத்திபோலக் கூராக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. அடிப்பக்கம் நெடுக ஒரு மெல்லிய வாய்க்கால் ஓடும். அதன் இரண்டு கரைகளும்தான் ஐஸைக் கடிக்கும். வாய்க்கால் ஆழமென்றால் பிடி கூட. சட்டென்று திரும்பலாம், ஆனால் கால் சீக்கிரம் களைத்துவிடும். ஆழம் குறைந்தால் சுகமாக வழுக்கிக்கொண்டு போகலாம். விளையாடுகிறவர்கள் ஆழம் கேட்பார்கள். ஐஸில் நெடுநேரம் நிற்கவேண்டிய நடுவர்களும் பயிற்சியாளர்களும் ஆழம் வேண்டாம் என்பார்கள்.

அவர் பயிற்சியாளர். ஆனால் ஆழம்தான் கேட்டார்.

ஹொக்கியையே தொழிலாகச் செய்தவர். பெரிய லீக்கில் சில ஆட்டங்கள். மிச்சமெல்லாம் அதற்குக் கீழே உள்ள லீக்கில், பஸ்ஸில் ஊர் ஊராக. பிறகு முழங்கால் போனது. சத்திரசிகிச்சைக்குப் பின், கால் தேறும்வரைக்கும் என்று சொல்லி, எங்கள் அரங்கில் ஒரு பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்க வந்தார்.

சனிக்கிழமைகளில் முதல் ஆளாக வந்து சப்பாத்துகளை மேசையில் வைப்பார். "ஆழமாய், வழமைபோல" என்பார். அவருடைய ஆங்கிலம் எனக்குள் எப்போதும் எங்கள் தமிழாகத்தான் கேட்கும். சாணை பிடித்து முடிந்ததும் பெருவிரல் நகத்தை விளிம்பில் இழுத்துப் பார்ப்பார். வெள்ளையாய் நகத்துருவல் எழும்பினால் தலையாட்டுவார். அதற்குப் பிறகு கடை ரெலிபோனைப் பார்ப்பார்.

பழைய அணியின் மேலாளருக்கு அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தார். கால் தேறினதும் திரும்ப விளையாடக் கூப்பிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தாராம்.

"ஆரும் எடுத்தவையோ?"

"இல்லை" என்பேன். அந்த ஒரு சொல்லுக்காகவே சில சனிக்கிழமைகளில் வேலைக்குப் போகப் பிடிக்காமல் இருந்தது.

ஐஸை மட்டப்படுத்தும் வண்டியை ஓட்டிய அண்ணை பக்கத்து மல்வேர்னிலிருந்து வருபவர். எதையும் வாய்க்குள் வைத்திருக்கத் தெரியாதவர்.

"உவர் இனி விளையாடப் போறேல்லை. உமக்கும் தெரியும், உவருக்கும் தெரியும். பேந்து ஏன் ஆழமாய்த் தேய்க்கிறீர்?"

"கேட்டதைச் செய்யிறன் அண்ணை."

"தேய்க்கத் தேய்க்க இரும்பு போகுது. அவங்கள் கூப்பிடேக்கை சப்பாத்திலை அலகு இராது."

எனக்குக் கோபம் வந்தது. அண்ணை சொன்னது சரியாக இருந்ததால்தான் வந்தது. எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் என் வரைகருவிப் பெட்டி கிடந்தது. துருப்பிடிக்காமல் இருக்க இடைக்கிடை இறக்கி எண்ணெய் பூசுவேன். அந்த மனிதரைப் பகிடி பண்ண எனக்கு எங்கே வாய்?

அவர் முழு வேகத்தில் ஓடியதை ஒரேயொரு தடவை பார்த்தேன். பயிற்சி முடிந்து பெண்கள் உடுப்பு மாற்றப் போயிருந்தார்கள். வெறும் ஐஸில் தனியே ஓடினார். திரும்பும்போது உடம்பு கிட்டத்தட்டப் படுத்தது. ஐஸ் துருவல் பூவாய்ப் பறந்தது. என்னை அறியாமல் எழும்பி நின்றுவிட்டேன். அடுத்த திருப்பத்தில் முழங்கால் மடங்கியது. ஓரத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நின்றார். பிறகு திரும்பவும் ஓடத் தொடங்கினார். அன்றைக்குத்தான் எனக்கும் அந்த ஏக்கம் தொற்றிக்கொண்டது. ரெலிபோன் மணி அடிக்கும்போதெல்லாம் சாணையை விட்டுவிட்டு ஓடினேன்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை அந்த மேலாளர் எடுத்தார். நான் ஐஸ் விளிம்புவரை ஓடிப்போய்க் கையசைத்தேன். அவர் ஸ்கேட்டோடேயே ரப்பர் விரிப்பில் தத்தித் தத்தி வந்து, இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்தார். சத்தம் கேட்கக் கூடாதென்று சாணை இயந்திரத்தை நிறுத்தினேன். அவர் பேசியது கொஞ்சம். "ஓம். விளங்குது. ஓம், நன்றி."

ரிசீவரை வைத்தார்.

"கூப்பிட்டிட்டினமோ?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றார். "உதவிப் பயிற்சியாளராய்."

வாழ்த்துச் சொன்னேன். கை தந்தார். நல்ல வேலை, அதற்காகக் காத்துக் கிடந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவருக்கும் அது தெரியும். சிரிக்கக்கூடச் செய்தார். நான்தான் அவருடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாங்குப் பலகையில் உட்கார்ந்து சப்பாத்துகளைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் பழக்கதோஷத்தில் ஆழத்துக்கே இயந்திரத்தைச் சரிசெய்தேன். என் கையைப் பிடித்தார்.

"ஆழம் வேண்டாம்," என்றார். "இனி நாள் முழுக்க நிக்கவேணும்."

பழைய வாய்க்கால் அழியும்வரை தேய்த்துவிட்டுத்தான் புதியதைப் போடலாம். அவசரப்படாமல் செய்தேன். எவ்வளவு மெதுவாகச் செய்தாலும் ஒரு கட்டத்தில் அது முடிந்துதான் போனது. துடைத்து நீட்டினேன்.

நகத்தை வைத்துப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனார்.