கையேட்டில் இல்லாத கட்டளைகள்

நயினாதீவு அம்மன் மேல் ஆணை, கீழே உள்ளதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வேண்டுமென்றால் கற்பூரம் கொளுத்தி நூர்த்துச் சத்தியம் பண்ணவும் நான் ஆயத்தம். அமெச்சூர் றேடியோவுக்கு மெமரி ஏற்றிக் கொடுப்பது, பெட்டிக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாமலே தெரிந்த முகத்தோடு இருக்கிற தொழில். றேடியோச் செற்றைக் கணினிக் கேபிளில் பூட்டிவிட்டு வியர்த்துப்போய் நின்ற சீவன்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

ஒரு பிளேன் டீ நேரம்

குறிகட்டுவான் இறங்குதுறைக் கொட்டகைதான் என் கடை. றேடியோ லைசென்ஸ் எடுத்த தீவுக்காரர் செற்றைத் தூக்கிக்கொண்டு காலை லோஞ்ச் படகில் வருவார்கள். அதே லோஞ்ச் திரும்புவதற்குள் அவர்கள் பேசுகிற நாற்பது அலைவரிசையையும் மெமரியில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். கையேட்டில் உள்ளபடி ஒவ்வொன்றாக ஏற்றினால் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். லோஞ்ச் அரை மணித்தியாலத்தில் புறப்பட ஊதிவிடும்.

ஊர்காவற்றுறை யோகனும் லைசென்ஸ்காரன், என் வயதுக்காரன். இன்ரநெற்றில் ஆரோ எழுதிவைத்த பட்டியலை அவன்தான் கொண்டுவந்தான். எல்லாம் கையேட்டில் இல்லாத கட்டளைகள். கணினியில் இருந்து ஒன்றை அனுப்பினால் நாற்பதும் ஒரேயடியாகச் செற்றுக்குள் போய் இருந்துவிடும். என் சொந்தச் செற்றில் பரீட்சித்தேன். பிளேன் டீ ஆறுமுன் வேலை முடிந்தது. எனக்குச் சந்தோசப் புழுகம் தாங்கவில்லை. யோகன் தாடியைச் சொறிந்தான்.

"செற்றைச் செய்தவனே எழுதாமல் விட்டிருக்கிறான் எண்டால், அவனுக்கும் அதிலை பயமிருக்கு ஐசே."

ரீச்சர் வீட்டுக் குதிரைகள்

நெடுந்தீவில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இருக்கிறா. அவவிடம் இருப்பது கைக்குள் அடங்கும் சின்னச் செற், தீவுக்குள்தான் கேட்கும். பட்டியலில் அடுத்தடுத்த இரண்டு கட்டளைகளுக்கு ஒரு எண்தான் வித்தியாசம். அவசரத்தில் நான் மற்றதை அனுப்பிவிட்டேன்.

வீட்டில் கொண்டுபோய் வைத்ததும், ஆரும் பொத்தானை அமத்தாமலே செற் தன்பாட்டில் ஒலிபரப்பத் தொடங்கியிருக்கிறது. சற்று நேரத்தில் தீவில் திரிகிற காட்டுக்குதிரைகளில் பதினேழு கல்வேலியடியில் வரிசையாக நின்று யன்னலைப் பார்த்தனவாம். எண்ணியது அவ, நான் அல்ல. பற்றரியைக் கழற்றியதும் கலைந்து போய்விட்டன. மறுநாள் லோஞ்சில் செற்றோடு வந்து இறங்கினா.

"அண்ணை, நாப்பது மெமரி கேட்டனான். பதினேழு குதிரை கேக்கேல்லை."

செல்லத்துரை அண்ணையின் பெட்டி

இது சிரிக்கிற விசயமில்லை. மாரிக் காற்றில் போன் ரவர் படுத்தால், நெடுந்தீவில் இருந்து வெளியே பேச செல்லத்துரை அண்ணையின் பெரிய செற் ஒன்றுதான். மாரிக்கு முன்னர் அதை ஒரு பெட்டிக்குள் வைத்துப் புது மெமரி ஏற்றக் கொண்டுவந்தார். என்னிடம் தந்துவிட்டு மரக்கறி வாங்கப் போனார்.

முதலில் செற்றுக்குள் இருப்பதைக் கணினியில் இறக்கிப் பத்திரப்படுத்த வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் வேண்டும். லோஞ்ச் ஊதிவிட்டது. நான் கட்டளையை அனுப்பினேன். அவருடையது என் செற்றின் அதே மொடல்தான், ஆனால் பிந்தி வந்தது. என்னுடையதில் மெமரி இருக்கிற இடத்தில், அவருடையதில் செற் வேலைசெய்யக் கொம்பனி வைத்த உள் அளவுகள் இருந்திருக்கின்றன. அத்தனையும் அழிந்தது. திரையில் வெளிச்சம் இருந்தது, சத்தம் இல்லை. அந்த அளவுகளைத் திருப்பி எழுத இங்கே ஆராலும் ஏலாது.

"முடிஞ்சுதோ?" என்று பையோடு வந்தார்.

"ஓம், முடிஞ்சுது" என்றேன். அதுவும் பொய்யில்லை. அவர் வருமுன்னரே என் பைக்குள் கிடந்த என் செற்றை அவருடைய பெட்டிக்குள் மாற்றி வைத்துவிட்டேன். நாற்பது மெமரியும் அதில் ஏற்கெனவே இருந்தன.

அடுத்த கிழமை காற்று அடித்தது, ரவர் படுத்தது. என்னிடம் செற் இல்லாததால் யோகன் வீட்டுக் கதிரையில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். விடிய ஆறு மணிக்குச் செல்லத்துரை அண்ணையின் குரல் வந்தது. கூரைகள் போய்விட்டன, உயிர்ச்சேதம் இல்லை, காயப்பட்ட இருவருக்கு மட்டும் கடற்படைப் படகு வேண்டும். யோகன் எல்லாவற்றையும் எழுதி எடுத்தான். கடைசியில் அவர் சொன்னது:

"யோகன், அந்தாளின்ரை கை பட்ட பிறகு செற் முந்தியிலும் பாக்க நல்லாக் கேக்குது. என்ன கட்டளை குடுத்தவர் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லும்."

கையேட்டில் இல்லாத கட்டளை எனக்கு அரை மணித்தியாலத்தைத் தந்து ஒரு செற்றை எடுத்துக்கொண்டது. இதை மட்டும் நெடுந்தீவுப் பக்கம் வாய் திறந்துபோடாதேங்கோ.