டிங்கிக்குப் போட்ட பூட்டு

சென்ற மாசி மாதம் எண்ணூர்க் கழியில் என் தம்பியைக் கொல்லப் பார்த்தேன். ஜாக்கிரதையாக இருந்ததால் நேர்ந்தது அது. இன்றும் நடுராத்திரியில் விழித்துக்கொள்கிறேன். எழுபத்து மூன்று வயதில் அது சகஜம் என்கிறார் டாக்டர். அவரிடம் நான் விஷயத்தைச் சொல்லவில்லை.

தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன். கப்பல்களில் தளத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடலை விட மனமில்லாமல், சிநேகிதர் ஒருவருடன் சேர்ந்து பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினான். இருபத்திரண்டு அடி நீளம், இரண்டு பேர் படுக்க இடம், ஓர் அடுப்பு. காசிமேட்டிலிருந்து பழவேற்காடு வரை நான்கு நாள் உல்லாசமாகப் போய்வரலாம் என்றான். அவன் மனைவி வர மறுத்தாள். "அந்த மரத்துல குந்திகினு வர்றதுக்கு நான் இன்னா காக்காவா?" என்றாளாம். அதனால் அந்த இடம் எனக்குக் கிடைத்தது.

நான் துறைமுகத்தில் டாலி கிளார்க். கிரேன் கொக்கியில் இறங்கும் மூட்டைகளை முப்பத்தொரு வருடம் எண்ணினேன். கொக்கியில் இருபதாக இருந்தது லாரியில் பத்தொன்பதாவதைப் பார்த்துப் பார்த்து, எந்தப் பொருளும் கண் மறைந்தால் காணாமல் போகும் என்பது எனக்கு மதம் மாதிரி ஆகிவிட்டது.

கரைக்குப் போய்வர, பெரிய படகின் பின்னால் கட்டி இழுத்து வரும் குட்டிப் படகுக்கு டிங்கி என்று பெயர். எங்களுடையது காற்றடைத்த ரப்பர் படகு, பின்னால் சின்ன மோட்டார். தம்பியின் முதல் டிங்கி வாங்கிய மூன்றாம் வாரமே திருட்டுப் போனது. கயிற்றை ஒரே வெட்டில் அறுத்திருந்தார்கள். அவன் சிரித்தான். நான் நான்கு இரவு தூங்கவில்லை.

ஆகவே இரண்டாவது டிங்கியின் காவலை நானே ஏற்றுக்கொண்டேன். கயிறு கூடாது, பன்னிரண்டு அடி இரும்புச் சங்கிலி. மோட்டாருக்குத் தனிப் பூட்டு. சங்கிலிக்கு இரண்டு பூட்டுகள், வேறு வேறு கம்பெனி. பெரிய படகின் பெயரை டிங்கியில் எழுதக் கூடாது. எழுதினால், ஆட்கள் கரையில் இருக்கிறார்கள், படகு காலி என்று திருடனுக்கு நாமே அறிவித்த மாதிரி. புதிய ரப்பர் கண்ணை உறுத்துமென்று மேலே தாரைத் தடவிக் கிழடாக்கினேன். பொழுது சாயும்முன் தண்ணீரிலிருந்து தூக்கிப் பெரிய படகின் பக்கவாட்டில் தொங்கவிட்டேன். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு தந்திரம்: சாவி வளையத்தில் ஏழு சாவிகள். அவற்றில் மூன்றுதான் நிஜம். திருடன் கையில் வளையம் சிக்கினாலும் திணறட்டும் என்று.

முதல் நாள் எண்ணூர் முகத்துவாரத்துக்குள் வந்து, கழியில் நங்கூரம் போட்டோம். அடிப்பலகையை மேலே தூக்கிக்கொள்ளும் படகு என்பதால் மூன்றடித் தண்ணீரிலும் நிற்கும்; ஆனால் நாங்கள் நின்ற இடத்தில் ஆள் மூழ்கும் ஆழம். மறுநாள் பதினொரு மணிக்குக் குடிதண்ணீர் வாங்க நான் மட்டும் டிங்கியில் கரைக்குப் போனேன். தம்பி பாய்க்கயிறு ஒன்றைச் சரிசெய்யப் படகில் தங்கினான். நடுவில் நூற்றைம்பது அடித் தண்ணீர்.

கரையில் சேற்றில் அடித்த பனங்கட்டை ஒன்று. அதில் இரண்டு துடுப்புப் படகுகள் கட்டியிருந்தன. மோட்டார் வைத்த படகுகள் எல்லாம் கடலுக்குப் போயிருந்தன. பக்கத்தில் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அரிவாள்மணையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சங்கிலியைக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி, இரண்டு பூட்டையும் போட்டேன். அந்தம்மாள் அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்துவிட்டாள்.

"இன்னா பெருசு, கப்பலையா கட்ற?"

"திருட்டு பயம்மா."

"இங்க யாரும் பூட்ட மாட்டாங்க. துடுப்பைக்கூட உள்ளயேதான் வுட்டு வைப்போம். தண்ணில ஒருத்தன் கத்துனா, யாரு கிட்டக்க கீறாங்களோ அவங்க எந்த படகையும் இஸ்துகினு போவணும். அதான் இங்க வழக்கம்."

"எங்க ஊரில் அந்த வழக்கத்தில்தான் ஒரு டிங்கி போச்சு."

அவள் புருஷன் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "வுடும்மா. தாரைப் பூசி வச்சிகீறாரு. அத்தத் திருடறவன் கையிதான் கலீஜாவும்."

இருவரும் சிரித்தார்கள். பூட்டாதே என்று சொல்கிறவர்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்று நான் மனத்துக்குள் குறித்துக்கொண்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

தண்ணீர்க் கேன்கள் இரண்டோடு பனங்கட்டைக்குத் திரும்பி வந்தபோது காற்று திசை மாறியது. தம்பியின் குரல் கேட்டது, ஒரே ஒரு 'ணே'. பாயின் அடிக்கட்டை சுழன்று அவன் தோளில் அடித்திருக்கிறது. படகின் மேல் ஆளில்லை. பிறகு தலை தெரிந்தது. நங்கூரக் கயிற்றை ஒரு கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். மற்றக் கை எழவில்லை. கடல் வாங்குகிற நேரம், கழித் தண்ணீர் முழுதும் முகத்துவாரத்தை நோக்கி ஓடியது. கயிறு கை நழுவினால் அவன் கடலில்.

வலை பின்னியவர் கட்டைக்கு ஓடினார். அவர்கள் படகுகளின் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. அவர் இழுத்தார், அவிழவில்லை. என் சங்கிலி அந்த இரண்டு முடிச்சுகளின் மேலும் இரண்டு சுற்று இறுகிக் கிடந்தது. என் டிங்கியை மட்டும் நான் பூட்டியிருக்கவில்லை. மூன்றையும் பூட்டியிருந்தேன்.

"சாவி! சாவியக் குடு பெருசு!"

கொடுத்தேன். வளையத்தைப் பார்த்தவர் அலறினார்: "இன்னாய்யா இது, ஏழு கீது! எது?"

எனக்குத் தெரியவில்லை. காசிமேட்டில் மூன்று வாரமாக நானே பூட்டித் திறந்த சாவி, எது என்று எனக்குத் தெரியவில்லை. பித்தளை நிறத்தைக் காட்டினேன், அது போலி. அடுத்ததும் போலி. மூன்றாவது உள்ளே போயிற்று, திரும்பவில்லை. அது மோட்டார்ச் சாவி. மனத்தின் ஒரு மூலை மட்டும் பழக்கத்தில் நொடிகளை எண்ணிக்கொண்டே இருந்தது: அறுபது, அறுபத்தொன்று. அந்த எண்கள் இன்னும் காதில் கேட்கின்றன.

அந்தம்மாள் எங்களைத் தள்ளிவிட்டு வந்தாள். அரிவாள்மணையைப் பலகையோடு தூக்கி மார்பில் அணைத்திருந்தாள். செதில் ஒட்டிய அந்த வளைந்த அலகை நைலான் கயிற்றில் வைத்து, தேங்காய் துருவுகிறவள் மாதிரி முன்னும் பின்னும் ஆட்டினாள். அறுத்தது அவர்களுடைய கயிறு. அறுக்கும்போதே கழியைப் பார்த்துக் கத்தினாள்: "வுட்றாத நைனா! புட்ச்சிக்கோ! தோ வர்றோம்!"

நூற்றிருபதில் கயிறு அறுந்தது. கணவர் துடுப்பைப் போட்டார். அவர் பாதி தூரம் போகும்போது தம்பியின் தலை ஒருமுறை உள்ளே போய் வந்தது. இரண்டாம் முறை போனபோது நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். முப்பத்தொரு வருடத்தில் நடு எண்ணிக்கையில் நிறுத்தியதே இல்லை. சட்டைக் காலரைப் பிடித்து அவர் மேலே இழுத்தது தெரிந்தது. உயிரோடு இழுத்தாரா என்று தெரியவில்லை. அந்தப் படகு கரை சேரும்வரை தெரியவில்லை. அவர் போட்டுவிட்டுப் போன சாவி வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

கரையில் போட்டதும் தம்பி தண்ணீரைக் கக்கினான். நெடுநேரம் கக்கினான். தோளெலும்பு புடைத்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைத் தேடினான்.

"இன்னாணே, டிங்கி பத்திரமா கீதா?"

அந்தம்மாள் சிரித்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பியபோது முகத்தில் சிரிப்பில்லை. "நல்ல பூட்டுதான் பெருசு. இன்னும் கொஞ்ச நேரம் வுட்டிருந்தா ஒரு ஆளையே முழுங்கியிருக்கும்."

அவர்கள் வீட்டில் தம்பிக்குக் கணவரின் லுங்கியைக் கட்டிவிட்டு, பழைய வலைத் துண்டால் அடிபட்ட கையை மார்போடு சேர்த்துக் கட்டினார்கள். தெரிந்த ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். சுடச்சுட டீ வந்தது. தம்பிக்கு நடுக்கம் நிற்கவில்லை, உதடு நீலமாக இருந்தது. அப்போது, கரைக்கு வரும்போது நான் வாங்கி வைத்திருந்த அவன் போன் என் சட்டைப் பையில் அடித்தது. ராயபுரத்திலிருந்து அவன் மனைவி.

"ஒண்ணும் சொல்லாதணே," என்றான் தம்பி. "அவ பேஜாரு பண்ணுவா."

நான் சொல்லிவிட்டேன். பாய்க்கட்டை அடித்தது, சங்கிலி, முடிச்சு, ஏழு சாவி, எதையும் விடவில்லை. நான் பூட்டியதால் உன் புருஷன் சாக இருந்தான் என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"மாமா," என்றாள் கடைசியில். "இப்போ மூச்சு ஒயுங்கா வுட்றாரா?"

"விடுகிறான்மா."

"அத்த எண்ணிகினே இருங்க. வேற எதையும் எண்ணாதீங்க. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க, நான் கெளம்பிட்டேன்."

ஆட்டோ வந்தது. திருவொற்றியூர் போய்ச் சேரும்வரை பள்ளத்துக்குப் பள்ளம் தம்பி முனகினான். அவன் நெஞ்சின் மேல் கை வைத்து எண்ணிக்கொண்டு வந்தேன். முதலில் நிமிடத்துக்கு முப்பத்து நான்கு. பாதி வழியில் இருபத்தெட்டு. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தவர், கையை எடுங்க ஐயா, எடுங்க என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.