அருவி வற்றியபின் கேட்ட இரைச்சல்

மாலை ஐந்தே முக்கால் மணி. குற்றாலத்தில் அக்கா வீட்டு முன்னறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு தலையணை. சுவரோரம் ஸ்டூல் மேல் இருந்த பெரிய ஆம்ப்ளிபயரின் முதுகில் அதைச் சாய்த்து, விழுந்துவிடாமல் ஒரு பித்தளைச் செம்பை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். உறையின் வாயைக் கட்டும் வெள்ளை நாடா ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. ஆம்ப்ளிபயரின் முகத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேல்தகட்டில் கை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தென்காசியில் இருந்துகொண்டு ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிவந்தேன். மாசி மாதம், எழுத எதுவும் இல்லாத நாட்கள். அருவியில் நீர்வரத்து குறைந்தது என்ற இரண்டு வரிக்காகத்தான் அன்று குற்றாலம் போயிருந்தேன். பேரருவி பாறையில் ஒட்டிய ஈரக் கோடாக இருந்தது. அக்கா வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆனியிலும் ஆடியிலும் அந்த வீட்டில் யாரும் சாதாரணக் குரலில் பேச முடியாது. சோறு போடட்டுமா என்பதைக்கூடக் கையால்தான் கேட்பார்கள். அந்தத் தெருவில் இரைச்சல் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. காலையில் கதவைத் திறக்கிறவர்கள் இரைச்சல் கூடியிருக்கிறது என்றால் மலையில் மழை பெய்திருக்கிறது என்று அர்த்தம். குறைந்திருக்கிறது என்றால் வெயில். யாரும் எதன் இரைச்சல் என்று கேட்பதில்லை. கேட்காததால்தான் அந்த வீட்டில் ஒரு விஷயம் ஒரு மாதமாக வெளியே வராமல் இருந்தது.

அத்தான் மைக் செட் வைத்திருந்தார். தென்காசி, கடையம், வீரகேரளம்புதூர் பக்கமெல்லாம் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் அவர் செட்தான். மற்றவர்கள் மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிச் சத்தத்தை ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அத்தான் நகர மாட்டார். ஆம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு, கண்ணை மூடி, ஒரு விரலைச் சத்தத் திருகின் மேல் வைத்துக்கொண்டு கச்சேரி முடியும்வரை உட்கார்ந்திருப்பார். மைக் கூவப் போகிறது என்பது கூட்டத்துக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். விரல் லேசாகத் திரும்பும், கூவல் பிறக்காமலே போய்விடும். நாதஸ்வரக்காரர்கள் அவரைத்தான் வேண்டும் என்று கேட்டதற்கு அதுவே காரணம். "மைக் செட்டு எவன்ட்டயும் இருக்கும் மாப்ள, காது எங்கிட்டதான் இருக்கு" என்பார். அதில் அடக்கம் கிடையாது. அடக்கத்துக்கு அவசியமும் இல்லை.

அந்த ஆம்ப்ளிபயர் செங்கோட்டை வழியாக வந்தது. கொல்லத்துப் பக்கம் கலைந்துபோன ஒரு நாடகக் குழுவிடம் நான்கு குழாய்களைக் கொடுத்துவிட்டு அதை மாற்றிக்கொண்டு வந்தார். மேடைக்கென்று செய்த வெளிநாட்டுச் சரக்கு. இருவர் சேர்ந்து தூக்க வேண்டும். நம் ஊர்க் கொடைக்கு அத்தனை சக்தி தேவையில்லை. அத்தானுக்கு வேறு ஆசை இருந்தது. தவிலின் இடந்தலையை, குச்சி விழும் அந்தக் கனத்த பக்கத்தை, வீட்டில் டேப்பில் கேட்டால் அட்டையைத் தட்டியதுபோல இருக்கிறது என்பது அவருடைய நெடுநாள் குறை. அலமாரி அளவுக்கு ஒரு மரப்பெட்டி செய்து, அதில் முறம் அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கரை மாட்டினார். கீழ்ச் சத்தத்தை மட்டும் பிரித்து அதற்கு அனுப்பினார். வீட்டு ஆம்ப்ளிபயர்களால் அதை அசைக்க முடியவில்லை. மேடை ஆம்ப்ளிபயர் அசைத்தது. இன்று சப்-ஊஃபர் என்கிறார்கள். அத்தான் வைத்த பெயர் அடிப்பெட்டி. இடந்தலையில் குச்சி விழுந்தால் ஜன்னல் கம்பி அதிரும்.

மேடையில் தொந்தரவில்லாத ஒன்று வீட்டில் தொந்தரவானது. ஆம்ப்ளிபயரின் முதுகில் சூட்டை வெளியே தள்ள ஒரு விசிறி உண்டு. அது ஓடினால் தகரப் பெட்டி முழுவதும் சேர்ந்து உறுமும். ஆடி மாதம் அத்தான் அதைக் கழற்றி, சைக்கிள் டியூபை வெட்டி, திருகாணி ஒவ்வொன்றுக்கும் ரப்பர் வளையம் கொடுத்து மாட்டினார். உறுமல் போய்விட்டது. வீட்டில் எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்கச் சொன்னார். ஒன்றுமே கேட்கவில்லை என்றோம். அது உண்மைதான். வெளியே அருவி கொட்டிக்கொண்டிருந்தது. லாரி போனாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது.

தலையணையை எடுப்பதற்குள் அத்தான் வந்துவிட்டார். தகட்டைத் தொட்டுப் பார்த்து ஸ்விட்சை அணைத்தார். யார் வேலை இது என்று கேட்டார்.

"நாந்தான்" என்றாள் அக்கா. "ஒரு மாசமா சொல்லுதேன், இரைச்சல் தாங்கலன்னு. காதுலயே வாங்க மாட்டேங்காக."

அவர் சிரித்தார். "அருவிலதான் தண்ணியே இல்லையேட்டி. எந்த இரைச்சல்?"

அக்கா என்னைப் பார்த்தாள். தை மாதத்திலிருந்தே அவள் சொல்லிவந்திருக்கிறாள். ரெண்டு நாளில் குறைஞ்சிரும் என்று ஒரு தடவையும், ஊருக்கு நல்லதுதானே என்று ஒரு தடவையும் அவர் பதில் சொல்லியிருக்கிறார். தன்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து அவள் விட்டுவிட்டாள்.

"அருவி இல்ல. இந்தா நிக்கே ஒங்க ஆம்ப்பு. அதச் சொல்லுதேன்."

அத்தான் மறுபடி ஸ்விட்சைப் போட்டார். கண்ணாடித் தம்ளருக்குள் மாட்டிக்கொண்ட ஈயைப்போல மெல்லிய, கூர்மையான ஒரு கீச்சொலி எழுந்து நிலைத்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, ஒனக்குக் கேக்கா?"

"கேக்கு அத்தான்."

பிறகு அத்தான் செய்த காரியம் அவருக்கே உரியது. விசிறியின் ஒயரைத் தனியே இழுத்து ஒரு ஸ்விட்ச் வைத்தார். நாற்காலியைத் தெருவைப் பார்க்கப் போட்டு, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். போட்டும் அணைத்தும் பார்க்கும்படி அக்காவிடம் சொன்னார். கேட்கிறபோது கை தூக்குவதாகச் சொன்னார். அக்கா போட்டாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். கை முழங்காலிலேயே இருந்தது. அடுத்து, தவில் டேப்பை ஓடவிட்டு அடிப்பெட்டியின் திருகை நான் இஷ்டப்படி மாற்ற வேண்டும் என்றார். மயிரிழை திருப்பினாலும், குறைத்துவிட்டாய், கூட்டிவிட்டாய் என்று உடனே சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

எழுந்து நாற்காலியை மடக்கினார். "மேல போயிட்டு. கீழ இருக்கு" என்றார், ஒரு கட்டிடத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்போல. கொஞ்சம் கழித்து, "கடையத்துல அந்த நாயனக்காரர் ஏன் மொறச்சார்னு இப்பத்தான் தெரியுது" என்றார். கடையத்தில் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். மைக் கூவியது, நாதஸ்வரக்காரர் சீவாளியிலிருந்து வாயை எடுத்துவிட்டு அத்தானைப் பார்த்தார், அத்தான் கண்ணை மூடியபடியே இருந்தார். வாசிப்பில் ஆழ்ந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆடியில் அவர் விசிறியைச் சரிசெய்ததும் இப்படித்தான் நடந்திருக்கிறது. உறுமல் கீழ்ச் சத்தம்; அது அவருக்குக் கேட்டது, அதை ஒழித்தார். கீச்சொலி மேல் சத்தம்; அது அவருக்குக் கேட்கவே இல்லை. கேட்கக்கூடிய எங்களுக்கு அதை அருவி மறைத்துவிட்டது.

பங்குனியில் வீரகேரளம்புதூரில் ஒரு கொடைக்கு ஒப்புக்கொண்டிருந்தார். அதே நாதஸ்வரக்காரர். இன்னொரு தடவை மைக் கூவினால் அந்தப் பக்கத்தில் யாரும் அத்தானைக் கூப்பிட மாட்டார்கள். வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்றாள் அக்கா. எதற்கு என்று கேட்டார் அத்தான். மறுநாள் சாயந்தரம் விசிறியைக் கையில் எடுத்தார்.

வேகத்தைக் குறைத்தால் கீச்சொலி அடங்கும் என்பது அவருக்குத் தெரியும். வீட்டில் கேட்கும் அளவுக்கு அந்த ஆம்ப்ளிபயர் பெரிதாகச் சூடாகாது. பாதிக் காற்றே போதும். முதலில் சீலிங் ஃபேன் ரெகுலேட்டரைக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றில் வைத்தும் வேகம் குறையவில்லை. அது பெரிய விசிறிக்கான ரெகுலேட்டர். இந்தச் சின்ன விசிறியை அது கண்டுகொள்ளவே இல்லை. பிறகு விசிறிக்குப் போகும் மின்சாரத்தை ஒரு பல்பின் வழியாக அனுப்பினார். ஜீரோ வாட் பல்பில் விசிறி கிளம்பவில்லை. நாற்பதில் கிளம்பியது; அக்கா உதட்டைப் பிதுக்கினாள். இருபத்தைந்தில் அறையின் மூலைக்குப் போய் நின்று கேட்டுவிட்டு, "இப்ப சரி" என்றாள். பல்பு மங்கலாக மினுங்கியது. அத்தான் அவள் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுகிறதா என்று தனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டதற்கு, தலையணை உறையிலிருந்து நாடாவைப் பிய்த்து விசிறியின் கம்பிவலையில் கட்டினாள். நாடா பறந்தது. ஒரு மணி நேரம் தவிலை ஓடவிட்டுத் தகட்டைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்புதான்.

"ஏட்டி, கொடைக்கு நீயும் வாரே" என்றார்.

மைக் செட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நாற்காலி போட்டு உட்கார்வதை அந்த ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. என்ன அண்ணாச்சி, வீட்டில் உங்களைத் தனியாக அனுப்ப மாட்டார்களா என்று பந்தல்காரர் ஒருவர் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார். அத்தான் தலையைத் திருப்பவில்லை. "அடிய நான் பாக்கேன். முடிய இவ பாக்கா" என்றார். பந்தலில் சிரிப்பு எழுந்து அடங்கியது. பந்தல்காரர் கயிற்றை முடியப் போய்விட்டார்.

அன்று அத்தான் கண்ணை மூடவில்லை. அக்கா மடியில் வைத்திருந்த ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் எழுந்தால் திருகு இறங்கும். கீர்த்தனைக்கு நடுவே ஒரு தடவை விரல் எழுந்தது. கூர்ந்து கேட்டும் எனக்கு எதுவும் தெரியவில்லை. கடைசிவரை மைக் கூவவில்லை. கச்சேரி முடிந்ததும் நாதஸ்வரக்காரர் அக்கா இருந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டார். அத்தானும் அதைப் பார்த்தார். திரும்பும்போது வேனில் முன்சீட்டை அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் குழாய்களோடு உட்கார்ந்துகொண்டார். அதன்பிறகு நெடுங்காலம் இருவரும் சேர்ந்தேதான் போனார்கள்.

போன மாதம் குற்றாலம் போயிருந்தேன். அருவியில் தண்ணீர் இல்லை. மைக் செட்டை விற்று வெகுகாலம் ஆகிவிட்டது; அடிப்பெட்டியும் அந்த ஆம்ப்ளிபயரும் மட்டும் முன்னறையில் இருக்கின்றன. இருபத்தைந்து வாட் குண்டு பல்பு கடைகளில் கிடைப்பதில்லை என்று அக்கா மகள் சென்னையிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போடும் விசிறி ஒன்றையும் அதற்கு ஒரு அடாப்டரையும் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போயிருந்தாள். நாடா கட்டிய பழைய கம்பிவலையை மட்டும் மாற்றவில்லை. நான் ஸ்விட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஓடுதா?" என்று கேட்டார் அத்தான்.

அக்கா ஆம்ப்ளிபயருக்கு அருகே குனிந்து காது கொடுத்தாள். பிறகு மேசையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். நாடா ஆடிக்கொண்டிருந்தது.