ஒன்பது வருஷம் வாயில் வராத பெயர்

அம்மனை நம்பி இங்கே கூடியிருக்கிற சகோதரிகளே, எனக்குப் பேசத் தெரியாது, சண்டை போடத்தான் தெரியும். அப்பேர்ப்பட்ட சண்டைக்காரி, வாயைத் திறக்காமல் புருஷனைச் சாகக் கொடுக்க இருந்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். என் வீட்டுக்காரருக்கு கல்கத்தா பக்கத்தில் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை. மழையில் வேகன் படியிலிருந்து கால் வழுக்கி விழுந்து, தண்டவாளத்தில் தலை மோதிவிட்டது. கல்கத்தாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே அவர் பெயரைக் கேட்டார்கள். நான் நாத்தனார் சரோஜாவின் முகத்தைப் பார்த்தேன், அவள்தான் சொன்னாள். பெண்டாட்டி தன் வாயால் புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. "ஏங்க" என்பேன், அவ்வளவுதான்.

டாக்டர் வங்காளி, நல்ல மனுஷர். கண்ணில் டார்ச் அடித்தார். நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஓர் அசைவும் இல்லை. வெளியே வந்து ஹிந்தியில் சொன்னார், கூப்பிட்டதற்கு ஏதாவது பதில் இருந்தால்தான் ஆபரேஷன் செய்து பலன், இல்லையென்றால் மூன்று நாள் தாண்டுவது கஷ்டம் என்று.

"தீதி, நீங்கள் பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். வீட்டு ஆள் குரல் சில சமயம் உள்ளே எட்டும்" என்று அக்கா முறை வைத்துச் சொன்னார்.

ஐயோ, என் வாயாலா? தினம் பத்து நிமிஷம்தான் உள்ளே விடுவார்கள். போய், "ஏங்க, ஏங்க" என்றேன். சரோஜா "அண்ணே" என்று அழுதாள். தங்கச்சி அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாளா?

மலையாளி நர்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன சேச்சி இது? பேரைச் சொல்லு! யாரைக் கூப்பிடறேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் மதினி. இருக்கிற ஆயுசையும் குறைச்சிராதீங்க."

சொன்னால் என் வாயால் போவார். சொல்லாவிட்டால் டாக்டர் சொன்னபடி போவார். நான் எந்தப் பக்கம் திரும்புவேன்? வெளியே மழைத் தண்ணீர் படிக்கட்டு வரை நின்றது. வீட்டுக்கும் போக முடியாது, உள்ளேயும் இருக்க முடியாது. வராந்தா பெஞ்சில் ஈரப் புடவையோடு கிடந்தேன். இரண்டாம் நாளும் அதே "ஏங்க". வெட்கங்கெட்டுச் சொல்கிறேன், அவ்வளவு பயந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அந்த வராந்தாச் சுவரைப் பார்த்து நின்றேன். படமில்லை, விளக்கில்லை. தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மனிடமே சண்டைக்குப் போனேன்.

"அடியே மாரி! உன் பேரை நித்தம் நூறு தடவை கூப்பிடறேனே, உன் ஆயுசு குறைஞ்சா போச்சு? குறைச்சே ஆகணும்னா என் ஆயுசைக் குறைச்சுக்கோ. நான் கூப்பிடத்தான் போறேன். நீ எழுப்பித் தா!"

உள்ளே போனேன். சரோஜா காதைப் பொத்திக்கொண்டாள்.

"மாணிக்கம்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. "மாணிக்கம்! என் கையைப் பிடிங்க!" என்று மறுபடி கத்தினேன். அவருடைய வலது கை விரல்கள் என் விரலைப் பிடித்தன. மெதுவாகத்தான், ஆனால் பிடித்தன, தாயே! நர்ஸ் ஓடினாள். டாக்டர் வந்து, "இன்னொரு தடவை" என்றார். கூப்பிட்டேன். ஒரு கண் பாதி திறந்தது. அன்று மதியமே ஆபரேஷன் செய்து, மூளைக்கு மேல் கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள்.

டாக்டர் கை வைத்தார், நான் குரல் கொடுத்தேன். அந்தக் குரலை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவள்தான். என் பயத்தைப் பிடுங்கிப் போட்டவளும் அவள்தான்.

மூன்று நாள் பதினோரு வருஷமாகிவிட்டது. அவருக்கு இடது கை சரியாக வராது, பேச்சும் கொஞ்சம் இழுக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். தினமும் காலையில் காப்பியை நீட்டி, பெயர் சொல்லித்தான் எழுப்புகிறேன். ஊர் சிரித்தது, சிரிக்கட்டும்.

சகோதரிகளே, எந்தப் பயம் உங்கள் வாயைக் கட்டிப் போட்டிருக்கிறதோ, அதை அவள் முன்னால் கொட்டுங்கள். திட்டியாவது கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டாள். நம்பிக்கை வரவில்லையா? அதோ, கடைசி வரிசையில் தூண் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார், கூப்பிடுகிறேன் பாருங்கள்.

"மாணிக்கம்!"

"இரு...க்கேன்டி."